முதலில் மேகம், அப்புறம்தான் கேபி

துருவ ஒளி (அரோரா), அதாவது துருவத்தை ஒட்டிய இரவு வானில் ஆடும் பச்சை, சிவப்பு ஒளி, பார்க்க நார்வேக்கோ ஃபின்லாந்துக்கோ டிக்கெட் போட்டவர்களின் கைப்பேசியில் தவறாமல் ஒரு செயலி இருக்கும். அதில் 0 முதல் 9 வரை ஓர் எண் ஓடிக்கொண்டிருக்கும். அதுதான் கேபி (Kp). "இன்னிக்கு கேபி ரெண்டுதான், ஒண்ணும் தெரியாது, நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று அறையிலேயே படுத்துவிடுகிறவர்கள் ஒரு பக்கம். "ஆறு காட்டுது, விடக்கூடாது" என்று ஈரப்பனி கொட்டும் கடற்கரையில் நடுராத்திரி வரை நிற்கிறவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு பேரும் ஏமாந்துதான் திரும்புகிறார்கள். ஒரு வருடச் சேமிப்பைக் கொட்டி, விசாவுக்கு அலைந்து, இரண்டு மூன்று விமானம் மாறி அங்கே போய்ச் சேர்ந்த பிறகு, தப்பான எண்ணை நம்பி வானத்தைத் தவறவிடுவது சகித்துக்கொள்ளக் கூடிய விஷயமே இல்லை. தடுக்கக் கூடிய ஏமாற்றம் என்பதால் இன்னும் உறுத்துகிறது.

கேபி பொய் சொல்வதில்லை. அது யாருக்காக உண்டாக்கப்பட்டது என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஜெர்மன் புவி இயற்பியலாளர் ஜூலியஸ் பார்டெல்ஸ் 1949-இல் கொண்டுவந்த அளவு அது. உலகின் வெவ்வேறு மூலைகளில் உள்ள 13 நிலையங்களின் காந்தமானிகள் (பூமியின் காந்தப்புலத்தை அளக்கும் கருவிகள்) 3 மணி நேரத்தில் எவ்வளவு ஆட்டம் கண்டன என்பதைத் திரட்டி எடுக்கும் சராசரி. அந்த நிலையங்கள் பெரும்பாலும் மத்திய அட்சரேகைகளில் இருக்கின்றன. துருவ ஒளியோ அவற்றுக்கு வடக்கே, புவியின் காந்தத் துருவத்தைச் சுற்றி ஒரு நீள்வட்ட வளையமாக அநேகமாக எந்நேரமும் எரிந்துகொண்டிருக்கிறது. இரவுப் பக்கத்தில் அந்த வளையம் காந்த அட்சரேகைக் கணக்கில், அதாவது புவியின் துருவத்துக்குப் பதில் காந்தத் துருவத்தை வைத்து அளக்கும்போது, சுமார் 65 முதல் 70 பாகைக்குள் நிற்கும். நார்வேயின் ட்ரோம்சோ, ஸ்வீடனின் அபிஸ்கோவும் கிருனாவும், அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ், கனடாவின் எல்லோநைஃப் எல்லாம் அந்த வளையத்துக்கு அடியிலோ அதன் ஓரத்திலோதான் இருக்கின்றன. கேபி 1 என்றால் வளையம் சற்றுச் சுருங்கி அமைதியாக இருக்கிறது என்று அர்த்தம், அணைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ட்ரோம்சோவில் கேபி 1, 2 உள்ள இரவுகளில் தலைக்கு மேல் அருமையான ஆட்டம் நடப்பது சாதாரணம். கேபி ஏற ஏற வளையம் தெற்கே விரிகிறது. ஆறு, ஏழு என்று போனால் ட்ரோம்சோக்காரர் தெற்கே திரும்பி நின்று பார்க்க வேண்டியிருக்கும்.

அப்படியானால் அந்த எண் யாருக்கு? ஸ்காட்லாந்திலும் ஜெர்மனியிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் வீட்டு மாடியில் நிற்கிறவர்களுக்கு. வளையம் தங்கள் ஊர் வரைக்கும் எட்டுமா என்பது அவர்களுடைய கேள்வி. 2024 மே 10-11 இரவில் கேபி 9-ஐத் தொட்டபோது லடாக்கின் ஹன்லே வானாய்வகத்திலிருந்தும் வடக்குத் தொடுவானத்தில் சிவப்பு ஒளி பதிவானது. வளையம் ஹன்லேயின் தலைக்கு மேல் வந்துவிடவில்லை. 200 கிலோமீட்டருக்கு மேலே ஆக்சிஜன் அணுக்கள் உமிழும் சிவப்பு, உயரத்தில் இருப்பதால், வெகு தொலைவிலிருந்தும் கண்ணுக்கு எட்டுகிறது. 100 முதல் 150 கிலோமீட்டர் உயரத்தில் உண்டாகும் பச்சை அங்கிருந்து பார்த்தால் பூமியின் வளைவுக்குக் கீழே மறைந்துவிடும். ஹன்லே மாதிரி இடத்துக்குக் கேபிதான் எல்லாம். 69 பாகை வடக்கில் நிற்கிறவருக்கு முதல் கேள்வி வேறு: மேகம் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை?

மாலை ஐந்து மணிக்கு எடுக்கும் முடிவு

ட்ரோம்சோவையே எடுத்துக்கொள்வோம். நம் ஊரிலிருந்து போகிறவர்களில் பலர் இறங்கும் இடம் அது. வெதுவெதுப்பான கடல் நீரோட்டம் தழுவிப் போவதால் ஜனவரியிலும் சராசரி வெப்பம் மைனஸ் 4 வாக்கில்தான் நிற்கும். அந்தச் சுகத்துக்கு விலை மேகம். அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று கடலோர மலைகளில் முட்டி, ஏறி, குளிர்ந்து ஊரின் மேல் கவிந்துகொள்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 மில்லிமீட்டர் மழையும் பனியும் அங்கே விழுகின்றன. மலையைத் தாண்டி உள்நாட்டுக்குப் போனால் கதை தலைகீழ். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கியில் மழை கொட்டும்போது இந்தப் பக்கம் கம்பம் பள்ளத்தாக்கு காய்ந்து கிடக்குமே, அதே மழை மறைவுதான். அபிஸ்கோவில் ஆண்டுக்குச் சுமார் 300 மில்லிமீட்டர்தான்.

ஆகவே ட்ரோம்சோவில் தங்குகிறவர் மாலை ஐந்து மணிக்குப் பார்க்க வேண்டியது காற்றின் திசை. மேற்கிலிருந்தோ வடமேற்கிலிருந்தோ அடித்தால் கடற்கரையை மறந்துவிட்டு உள்ளே போக வேண்டும். இ8 நெடுஞ்சாலையில் சுமார் 70 கிலோமீட்டரில் நூர்ஷோஸ்போட்ன், அங்கிருந்து மேலும் 50 போனால் ஷிபோட்ன். சுற்றிலும் மலைகள் மறைக்க, வறண்ட வானத்துக்குப் பேர்போன இடம் அது. பல்கலைக்கழகத்தின் வானாய்வகத்தை அங்கே வைத்ததற்கும் காரணம் அதுவே. ஷிபோட்னிலும் மேகம் என்றால் இன்னும் 50 கிலோமீட்டர் மலையேறி ஃபின்லாந்து எல்லையைத் தாண்டிக் கில்பிஸ்யார்வி. ஆக மொத்தம் இரண்டரை மணி நேர ஓட்டம். தென்கிழக்குக் காற்று என்றால் நேர் எதிர்: உள்நாடு மூடிக்கிடக்க, க்வாலோயா தீவின் மேற்குக் கரை துடைத்துவிட்டது போலத் திறந்திருக்கும்.

நார்வே வானிலைத் துறை நடத்தும் தளத்தில் மேகத்தைத் தாழ்வு, நடுத்தரம், உயரம் என்று மூன்று அடுக்காகப் பிரித்தே காட்டுகிறார்கள். மொத்த மேகம் 80 சதவீதம் என்று மட்டும் பார்த்து மனம் தளர வேண்டாம். அதில் பெரும்பங்கு உயர்மேகம் என்றால், அந்த மெல்லிய திரையைத் தாண்டி நல்ல துருவ ஒளி தெரிந்துவிடும். தாழ்மேகம் 40 சதவீதமே என்றாலும் ஆபத்து, அது முழுச் சுவர். கணினி மாதிரிக் கணிப்பைவிடச் செயற்கைக்கோள் படம் நம்பகமானது. கடைசி இரண்டு மணி நேரப் படங்களை ஓடவிட்டு, மேகத்தில் உள்ள ஓட்டை எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். ஐஸ்லாந்து போகிறவர்கள் அந்நாட்டு வானிலை அலுவலகத்தின் மேக வரைபடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதில் பச்சை என்பது மேகம், வெள்ளைதான் தெளிவான வானம். பச்சையைப் பார்த்ததும் துருவ ஒளி என்று நினைத்து நேராக மேகத்துக்கு அடியில் போய் நிற்கிறவர்கள் உண்டு.

வண்டி எடுத்தால் ட்ரோம்சோவிலேயே டாங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். ஷிபோட்னுக்கும் எல்லைக்கும் நடுவே உள்ள மலைச்சாலை புயல் இரவுகளில் மூடப்படுவதுண்டு, கிளம்பும் முன் சாலைத் துறையின் அறிவிப்பைப் பாருங்கள். கலைமான்கள் சாலையில் உப்பை நக்கிக்கொண்டு நிற்கும், ஹாரன் அடித்தாலும் சட்டென்று நகராது. ஷெங்கன் விசா ஒன்றே இரு நாட்டுக்கும் போதும், ஆனால் பாஸ்போர்ட்டை ஹோட்டலில் விட்டுவிட்டு எல்லை தாண்டக் கூடாது. ஃபின்லாந்து நேரம் ஒரு மணி முன்னால் இருப்பதால் எல்லையில் கைப்பேசிக் கடிகாரம் தானாகத் தாவும், திரும்பும் கணக்கு அதில் குழம்பும். வானத்தில் ஒளி தெரிந்ததும் நடுச்சாலையில் பிரேக் போடுவதுதான் எல்லாவற்றிலும் மோசமான செயல். பின்னால் வரும் லாரி பனிக்கட்டியில் நிற்காது. ஒதுங்குமிடம் வரும்வரை ஓட்டிப் போய், பிரதிபலிப்பு மேலங்கியை மாட்டிக்கொண்டு இறங்க வேண்டும். பனியில் வண்டி ஓட்டிப் பழகாதவர்கள் வாடகைக் கார் எடுக்காமல், மேகத்தைத் துரத்திக்கொண்டு எல்லை வரை போகும் வழிகாட்டி வண்டியில் இடம் பிடிப்பதே புத்திசாலித்தனம். "எவ்வளவு தூரம் போவீங்க, ஃபின்லாந்து வரைக்கும் போவீங்களா?" என்று முன்பதிவுக்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள். நிலையான ஒரு முகாமுக்கு அழைத்துப் போய் உட்காரவைக்கும் பயணம் கடலோரத்தில் வீண்.

நாளைக்கு எப்படி இருக்கும் என்ற கேள்வி

"மூணு நாள் கழிச்சு எப்படி இருக்கும்?" என்ற கேள்விக்கு நேர்மையான பதில் சொல்வது கடினம். சூரியனிலிருந்து மின்னேற்றத் துகள்களாலான பெரும் பிளாஸ்மா மேகம் ஒன்று கிளம்பினால் பூமிக்கு வந்துசேர 1 முதல் 3 நாள். ஆனால் அது சுமந்து வரும் காந்தப்புலம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது, பூமிக்கு 15 லட்சம் கிலோமீட்டர் முன்னால் உள்ள எல்1 புள்ளியில் நிற்கும் விண்கலங்களைக் கடக்கும்போதுதான் உறுதியாகத் தெரியும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2023 செப்டம்பர் 2 அன்று கிளம்பிய நம் ஆதித்யா-எல்1 விண்கலமும் அங்கேதான் நிற்கிறது. சூரியக் காற்று, அதாவது சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் அந்தத் துகள்களின் ஓட்டம், வினாடிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் அங்கிருந்து பூமிக்கு 50 நிமிடம், 800 என்றால் அரை மணிதான். கையில் இருக்கும் நிச்சயமான முன்னறிவிப்பு அவ்வளவே.

அதனால் செயலியில் கேபியை ஒதுக்கிவிட்டு பிஇசட் (Bz) என்ற அளவைத் தேடுங்கள். சூரியக் காற்றின் காந்தப்புலத்தில் வடக்கு-தெற்கு அங்கம் அது. எதிர்மறையாக, அதாவது தெற்கு நோக்கி, மைனஸ் 5 நானோடெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு) என்ற அளவில் அரை மணிக்கு மேல் நின்றால் ஜாக்கெட்டை எடுங்கள். கீழும் மேலும் துள்ளிக்கொண்டிருந்தால் அதிலிருந்து ஒன்றும் முடிவு கட்ட முடியாது. வேகம் 500-ஐத் தாண்டியிருந்தால் கூடுதல் பலம். அதைவிட நேரடியான சாட்சி உள்ளூர்க் காந்தமானி. ட்ரோம்சோ, கிருனா, அபிஸ்கோ நிலையங்களின் வரைகோடுகள் இணையத்தில் உடனுக்குடன் கிடைக்கின்றன. தட்டையாக ஓடிக்கொண்டிருந்த கோடு திடீரென்று சில நூறு நானோடெஸ்லா கீழே விழுந்தால், மேலே ஆட்டம் தொடங்கிவிட்டது என்று பொருள்.

நீண்ட காலத் திட்டத்துக்கு ஒரே ஒரு தந்திரம் உண்டு. சூரியன் பூமியிலிருந்து பார்க்க ஏறத்தாழ 27 நாளுக்கு ஒரு முறை சுற்றுகிறது. கரோனா துளை என்று சொல்லப்படும், சூரியனின் வெளி வளிமண்டலத்தில் காந்தப்புலம் திறந்து கிடக்கும் பகுதியிலிருந்து வரும் வேகக் காற்று அதே தாளத்தில் திரும்பத் திரும்ப வரும். போன மாதம் எந்தத் தேதிகளில் நல்ல ஆட்டம் இருந்ததோ, அதோடு 27-ஐக் கூட்டினால் இந்த மாதத்துக்கு ஒரு நியாயமான ஊகம் கிடைக்கும். சூரியனின் செயல்பாடு ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒரு முறை ஏறி இறங்கும் சுழற்சியில் 25-ஆவது உச்சக் கட்டத்தில் இருப்பதாக நாசாவும் அமெரிக்க வானிலை நிறுவனமும் 2024 அக்டோபரில் அறிவித்தன. உச்சம் முடிந்து இறங்கும் ஆண்டுகளில் இந்தத் துளைகள் நிலைத்து நிற்கும் என்பதால் 27 நாள் கணக்கு இன்னும் நன்றாகப் பலிக்கும். உச்சம் போய்விட்டதே என்று பதறிப் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டிய அவசியமே இல்லை.

வளைவு மங்கும் நேரம்

மேகத்தை வென்று, இருட்டில் போய் நின்ற பிறகும் பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று இருக்கிறது. 1957-58 சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டில் எடுத்த முழுவானப் படங்களை அடுக்கிப் பார்த்து, அலாஸ்காவில் பணிபுரிந்த ஆய்வாளர் சியுன்-இச்சி அகாசோஃபு 1964-இல் துருவ ஒளியின் ஓர் இரவுக்கு ஒரு கட்டமைப்பு இருப்பதை விளக்கினார். அதைத் தெரிந்துகொண்டு நிற்பதற்கும் தெரியாமல் நிற்பதற்கும் மலையளவு வித்தியாசம்.

முதலில் வடக்கே தாழ்வாக ஒரு வளைவு. கிழக்கிலிருந்து மேற்காக நீண்டு, அசையாமல், வெளிறிய பச்சையில். இருட்டுக்குப் பழகாத கண்ணுக்குச் சாம்பல் நிற மேகப் பட்டை போலவே இருக்கும். மேகமா ஒளியா என்று சந்தேகம் வந்தால் அதற்குப் பின்னால் நட்சத்திரம் தெரிகிறதா என்று பாருங்கள், தெரிந்தால் மேகமில்லை. கைப்பேசியில் 3 வினாடிப் படம் எடுத்தாலும் பச்சை காட்டிக்கொடுத்துவிடும். இந்த வளைவு ஒரு மணி நேரமோ அதற்கும் மேலாகவோ சும்மா தொங்கும். மெல்ல மெல்லத் தெற்கே, அதாவது நம்மை நோக்கி, நகரும். நகர்வது கண்ணுக்குத் தெரியாது. ஒரு மலைமுகட்டையோ மரத்தின் உச்சியையோ குறியாக வைத்துக்கொண்டால், பத்து நிமிடம் கழித்து வளைவு அதற்கு மேலே ஏறியிருப்பது தெரியும். அது நல்ல சகுனம். சூரியக் காற்றின் ஆற்றல் பூமியின் காந்த வாலில், அதாவது சூரியனுக்கு எதிர்ப்பக்கமாக நீண்டு கிடக்கும் காந்தப்புலத்தில், சேமிப்பாகிக்கொண்டிருக்கிறது.

பிறகு, பல இரவுகளில், வளைவு சற்று மங்கும். இரண்டு மூன்று நிமிடம் ஒளி குறைந்து, இருக்கிறதா போய்விட்டதா என்று தோன்றும். "அவ்வளவுதான் போல" என்று கூட்டம் முக்காலியை மடிக்கத் தொடங்குவது சரியாக இந்த நேரத்தில்தான். தயவுசெய்து மடிக்காதீர்கள். வாலில் சேர்ந்த ஆற்றல் அவிழ்வதற்குச் சற்று முன் இந்த மங்கல் வருவதை ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். அடுத்ததாக வளைவின் கீழ் விளிம்பு ஓரிடத்தில் திடீரென்று பளிச்சிடும். அந்தப் பளபளப்பு வளைவு நெடுக ஓடும், மடிப்புகள் விழும், செங்குத்துக் கதிர்கள் எழும்பும், நொடிகளில் முழுத் திரையும் வடக்கு நோக்கி வெடித்துப் பரவும். வேகமான துகள்கள் 100 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கும்போது நைட்ரஜன் ஒளிர்ந்து, பச்சைத் திரையின் அடியில் இளஞ்சிவப்பு விளிம்பு ஓடும். நேர் தலைக்கு மேல் நடந்தால் எல்லாக் கதிர்களும் உச்சியில் ஒரு புள்ளியில் கூடுவதாகத் தெரியும். உச்சக்கட்டம் சில நிமிடங்களே நீடிக்கும், முழு ஆட்டமும் பெரும்பாலும் கால் மணியிலிருந்து அரை மணிக்குள் அடங்கிவிடும். அதன்பின் வானம் முழுக்கத் திட்டுத்திட்டாக, சில வினாடிக்கு ஒரு முறை மினுக்கி அணையும் மங்கிய ஒளி விடியும்வரைகூட நீளும். இரண்டு மூன்று மணி நேரத்தில் மறுபடி ஒரு வளைவு கட்டலாம்.

எந்த மணிக்கு நிற்பது என்பதும் இதிலிருந்தே வருகிறது. அந்த வெடிப்பு பெரும்பாலும் காந்த நள்ளிரவை, அதாவது காந்தத் துருவக் கணக்கில் ஊர் சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம் வரும் நேரத்தை, ஒட்டி நடக்கும். ட்ரோம்சோவில் அது குளிர்கால நேரப்படி இரவு பத்தரை வாக்கில். எட்டிலிருந்து ஒன்று வரை நின்றால் நியாயம். ஃபேர்பேங்க்ஸில் அது அதிகாலை ஒன்று, இரண்டு மணி. அங்கே பதினொன்றுக்கே தூங்கப் போவது அநியாயம்.

எந்த மாதம், எந்த ஊர்

கோடையில் அங்கே இருட்டே கிடையாது. ட்ரோம்சோவில் மே 20 வாக்கிலிருந்து ஜூலை 22 வாக்கில் வரை சூரியன் மறைவதில்லை. உருப்படியான பருவம் செப்டம்பர் தொடக்கத்திலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை. டிசம்பரில் இரவு நீளம் என்று எல்லோரும் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் கூட்டம் கூடுகிறார்கள், ஆனால் கடலோரத்தில் நவம்பர் முதல் ஜனவரி வரை மேகமும் அதிகம், விலையும் அதிகம். ஒரே ஒரு மாதத்தைச் சொல்லச் சொன்னால், பிப்ரவரிக் கடைசியிலிருந்து மார்ச் மூன்றாவது வாரம் வரை. வானம் வறண்டிருக்கும், பகலில் ஊர் சுற்ற வெளிச்சம் இருக்கும், சம இரவு நாட்களை ஒட்டிப் பூமியின் காந்தப்புலம் சூரியக் காற்றோடு எளிதாகப் பிணைவதால் ஆட்டமும் கூடும். ஆய்வாளர்கள் ரஸ்ஸலும் மெக்ஃபெரனும் 1973-இல் இதை விளக்கினார்கள். குளிரைத் தாங்க முடியாதவர்களுக்கும் குழந்தைகளோடு போகிறவர்களுக்கும் செப்டம்பர்: உறையாத ஏரியில் ஒளி இரண்டாகத் தெரியும்.

வண்டி ஓட்ட விரும்பாதவர்களுக்கு அபிஸ்கோவை மிஞ்சிய இடம் ஐரோப்பாவில் இல்லை. கிருனாவிலிருந்து ரயிலிலேயே போய் இறங்கலாம், டோர்னேத்ரெஸ்க் ஏரிக்கரைக்கு நடந்தால் போதும். மலைகளின் மறைவில் ஏரிக்கு மேல் மட்டும் வானம் திறந்துகொள்வது அங்கே அடிக்கடி நடக்கும். எல்லோநைஃபின் சமவெளி வானம் இன்னும் தெளிவானது, ஆனால் ஜனவரியில் மைனஸ் 30-க்குத் தயாராக வேண்டும். அங்கே அக்டோபர், நவம்பரில் ஏரிகள் உறையும் காலத்தில் ஈரம் எழும்பி மேகமாகிவிடும், அந்த இடைவெளியைத் தவிர்த்துவிடுங்கள். விசா எளிது என்று இப்போது பலரும் ரஷ்யாவின் மர்மான்ஸ்க் போகிறார்கள். வளையத்துக்கு அடியில் உள்ள ஊர்தான், பேரன்ட்ஸ் கடலின் பனிமேகம்தான் தொல்லை. நம் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் ரஷ்யாவில் வேலை செய்யாது, முழுப் பணத்தையும் கையில் கொண்டுபோக வேண்டும்.

எத்தனை இரவு? ஒரு கணக்குக்கு, ஓர் இரவு தெளிவாக இருக்க 40 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். மூன்று இரவு தங்கினால் ஒரு தடவையாவது பார்க்க 78 சதவீதம், ஐந்து என்றால் 92. நிஜத்தில் இதைவிடக் குறையும், ஏனென்றால் ஒரு மேகமண்டலம் வந்தால் இரண்டு மூன்று நாள் உட்கார்ந்துவிடும். ஐந்து இரவையும் ஒரே ஊரில் போடாமல், ட்ரோம்சோவில் இரண்டு, மலைக்கு அந்தப் பக்கம் அபிஸ்கோவில் மூன்று என்று பிரிப்பது அதற்காகத்தான். நடுவே நார்விக் வரை பஸ், அங்கிருந்து ரயில். நிலவைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். முழுநிலவில் மங்கலான வளைவுகள் அடிபட்டுப்போகும், பெரிய ஆட்டம் அடிபடாது, பனிமலையும் படத்தில் அழகாக விழும்.

கேமராவும் கால்களும்

கால் விறைத்தால் அந்த இரவு முடிந்தது. பருத்தி சாக்ஸ் வேர்வையை உறிஞ்சிக்கொண்டு உறையவைக்கும், கம்பளி சாக்ஸ்தான் சரி. ஒரு அளவு பெரிய பூட்ஸ் போட்டால்தான் உள்ளே சூடான காற்று நிற்கும், இறுக்கமான பூட்ஸில் இரண்டு சாக்ஸ் போட்டால் ரத்த ஓட்டம் நின்று குளிர் கூடும். பனியில் நேராக நிற்காமல் ஒரு பலகைத் துண்டின் மேலோ பழைய தெர்மோகோல் மேலோ நின்றால் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கலாம்.

லென்ஸின் முன் மாட்டியிருக்கும் பாதுகாப்பு ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். பச்சை ஒளி 557.7 நானோமீட்டர் என்ற ஒரே அலைநீளத்தில் வருவதால், ஃபில்டரின் இரு பரப்புகளுக்கு இடையே குறுக்கீடு உண்டாகிப் படத்தின் நடுவே வட்டவட்டமாக வளையங்கள் விழும். பிறகு எந்த மென்பொருளிலும் அதை நீக்குவது பெரும்பாடு. லென்ஸில் உள்ள முடிவிலிக் குறியையும் நம்ப வேண்டாம். கைமுறைக் குவியத்தில் வைத்து, பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைத் திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும் இடத்தில் லென்ஸின் குவிய வளையத்தை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். லென்ஸ் துளை (அப்பர்ச்சர்) எஃப் 2.8 அல்லது அதைவிட அகலம், ஐஎஸ்ஓ 1600 முதல் 3200. மங்கிய வளைவுக்கு 10 வினாடி போகலாம். வெடிப்பு தொடங்கியதும் 1, 2 வினாடிக்குக் குறைத்துவிட வேண்டும், இல்லையேல் மடிப்புகள் எல்லாம் கலந்து பச்சைக் குழம்பாகிவிடும். மாற்று பேட்டரி உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் இருக்கட்டும்.

திரும்பி வந்ததும் கேமராவை அப்படியே சூடான அறைக்குள் கொண்டுபோனால் லென்ஸின் உள்பக்கம் வரை நீர் படியும். வெளியில் இருக்கும்போதே காற்றுப் புகாத ஜிப் பையில் போட்டு மூடி, அறையில் மூன்று நான்கு மணி நேரம் திறக்காமல் வையுங்கள். படங்களை அன்றைக்கே பார்க்க வேண்டும் என்றால் மெமரி கார்டை வெளியிலேயே கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள்.